10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத் தொழில் அறிமுகம்: குமரி மாவட்டத்தில் எங்கே, எப்போது, எப்படி?

தக்கலை டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டி ஆசிரியையாக இருக்கிறேன். 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளை நாலைந்து நாள் ஒரு வேலையிடத்தில் விட்டு, அந்தத் தொழில் உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க வைக்கத் திட்டம். வகுப்பில் வழிகாட்டிக் கையேட்டைப் படித்துக் காட்டினால் தலையாட்டுகிறார்கள். +1-ல் என்ன குரூப் என்று கேட்டால் டாக்டர், இன்ஜினியர், போலீஸ், இதைத் தாண்டிப் பேச்சு வருவதில்லை. ரப்பர் வெட்டு, கொத்தனார் வேலை, கடல் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். அப்பா செய்கிற தொழிலைச் சுற்றி என்னென்ன படிப்பு இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

எந்த மாதத்தில் அனுப்பினால் பயன்? யாரிடம், எப்படிக் கேட்டால் உள்ளே விடுவார்கள்? 18 வயது ஆகாதவர்களை அனுப்புவதில் சட்டச் சிக்கல் உண்டா? இன்னொன்று, பணம் கட்டினால் வீட்டிலிருந்தே 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்' செய்து சான்றிதழ் வாங்கலாம் என்று வாட்ஸாப்பில் விளம்பரம் சுற்றுகிறது. பெற்றோர் என்னிடம் வந்து கட்டலாமா என்கிறார்கள். என்ன சொல்ல?

கோணம் பிட்டர்

டீச்சர், முதலில் காலத்தைப் பிடியுங்கள். 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரலில் முடியும். முடிவு மே மாதத்தில் வரும். அதன் பின்னால் சில நாளிலேயே குரூப் தேர்வு, பாலிடெக்னிக், ஐடிஐ விண்ணப்பம் எல்லாம் ஒரே நெருக்கடியாகிவிடும். ஆகவே தேர்வு முடிந்ததற்கும் முடிவு வருவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சில வாரம்தான் பொன்னான நேரம். +1 சேர்ந்த பிறகு அனுப்பினால், தனக்கு ஒத்துவராத குரூப் என்று பிள்ளைக்குத் தெரிந்தாலும் மாற வழியிருக்காது. 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் காலாண்டு விடுமுறையில் அனுப்பலாம்.

எண்ணிக்கையில்தான் பல பள்ளிகள் தவறுகின்றன. ஒரு பட்டறைக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. பத்துப் பேரை ஒரே இடத்துக்கு அனுப்பினால் அது சுற்றுலாவாக்கும். முதலாளி அரைமணி நேரம் சுற்றிக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நாலு பேருக்கு மேல் போனாலே பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், வேலைக்காரரிடம் பேச மாட்டார்கள்.

ஐந்து நாள் போதும். முதல் நாள் இடத்தைச் சுற்றிப் பார்ப்பதும், எதைத் தொடக்கூடாது, எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று கேட்டுக்கொள்வதும். இரண்டாம், மூன்றாம் நாள் ஒரே ஒரு வேலைக்காரரின் கூடவே இருக்க வேண்டும். தினமும் ஆள் மாறினால் ஒன்றும் பிடிபடாது. நான்காம் நாள் ஒரு சின்ன வேலையைப் பிள்ளை கையால் செய்யட்டும்: வெர்னியர் காலிப்பரில் பத்து உருப்படியை அளந்து எழுதுவது, உதிரிபாகப் பட்டியலைச் சரிபார்ப்பது, பில்களை வரிசைப்படுத்துவது என்று ஆபத்தில்லாத ஏதாவது. ஐந்தாம் நாள் முழுக்கக் கேள்வி கேட்பதற்கும் எழுதுவதற்கும்.

கடிதம் பற்றி. 'எங்கள் மாணவர்களுக்கு வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று மட்டும் எழுதினால் எந்த முதலாளியும் பதில் போட மாட்டார். அவருக்குள்ள பயமெல்லாம் அடிபட்டால் யார் பொறுப்பு, என் ஆளின் நேரம் எவ்வளவு போகும், லேபர் ஆபீசர் வந்தால் என்ன சொல்ல, இவ்வளவுதான். இந்த மூன்றுக்கும் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். எத்தனை பேர், எந்தத் தேதிகள், காலை 9 முதல் மதியம் 3 வரை, நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை, கூலி கிடையாது, இயந்திரத்தில் கை வைக்க மாட்டார்கள், பொறுப்பாசிரியரின் பெயரும் எண்ணும், தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து நேரில் போங்கள். மின்னஞ்சலை நம்பி இருக்க வேண்டாம், சின்னப் பட்டறைகளில் அதைத் திறந்து பார்க்கவே ஆள் கிடையாது. நேரில் போகும்போது, பிள்ளை யாருடன் இருக்கும் என்று ஒருவர் பெயரைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பெயர் இல்லாத இடத்தில் முதல் நாளே பிள்ளையை ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் அனுப்பிவிடுவார்கள்.

கோணத்தில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. மாவட்டத்தில் என்னென்ன சிறுதொழில்கள் நடக்கின்றன என்று அங்கே கேட்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலிருந்து ஆள் வந்து பேசச் சொல்லியும் பள்ளி எழுதலாம். அரசு பாலிடெக்னிக், ஐடிஐ இரண்டும் கோணத்திலேயே இருப்பதால் ஒரே நாளில் இரண்டு பணிமனைகளையும் காட்டிவிடலாம். 10 முடித்து டிப்ளமோ படித்தால் இன்ஜினியரிங் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம், ஐடிஐ முடித்தவருக்கு டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு உண்டு என்ற வழியைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐடிஐ போனால் படிப்பு முடிந்தது என்று நினைத்துத்தான் பல வீடுகளில் தடுக்கிறார்கள்.

குழித்துறை வக்கீல்

சட்டக் கேள்விக்கு வருகிறேன். அடிப்படை 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாதவரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்கள் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், தீப்பற்றும் பொருள், வெடிபொருள், சட்டம் பட்டியலிடும் அபாயகரமான செயல்முறைகள், இவற்றில் அவர்களும் கூடாது. அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது, ஒரு மணி நேர ஓய்வு கட்டாயம், ஓய்வையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது.

நீங்கள் அனுப்புவது வேலைக்கு இல்லை, பார்க்க. ஆனாலும் இதே வரம்புகளைக் கடைப்பிடியுங்கள். மேலே பிட்டர் சொன்ன 9 முதல் 3 வரை என்பது சரியாக அதற்குள் அடங்குகிறது. 9-ஆம் வகுப்பில் 14 நிறையாத பிள்ளை இருக்கலாம், பிறந்த தேதியைப் பார்த்த பிறகே பட்டியல் போடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆசிரியர் கூடவே இருக்கும் ஒருநாள் களப்பயணம் போதும்.

நான்காம் நாள் 'சின்ன வேலை' என்பது உற்பத்தியாக மாறக்கூடாது. அந்தப் பிள்ளை வராவிட்டால் வேறு ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியிருக்கும் என்றால் அது வேலை. அது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது புகார் செய்ய, முதலாளியோடு பள்ளியும் பதில் சொல்ல வேண்டி வரும். குறிப்பாக மே மாதத்தில், 'பையன் நல்லா இருக்கான், லீவு முடியும் வரை நிக்கட்டும், கூலி தாறேன்' என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக் கஷ்டத்தில் பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள். ஆறாம் நாள் முதல் பள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கடிதத்தில் தேதியோடு எழுதுங்கள். பிள்ளை ஐந்தாம் நாள் மாலை பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் அவசர எண் இரண்டு, ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரை, இவை இருக்க வேண்டும். வங்கியில் 20 ரூபாய்க்கு எடுக்கும் விபத்துக் காப்பீடு 18 வயதுக்கு மேல்தான், அதை நம்பி இருக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பள்ளிகளுக்குத் தரும் குழு விபத்துக் காப்பீட்டை விசாரியுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாக ஒரு இடத்துக்கு அனுப்பக் கூடாது, இருவராகவே போகட்டும். அந்த இடத்தில் பெண் பணியாளர் இருக்கிறாரா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஆசிரியை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு இருந்தே தீர வேண்டும், அதன் தலைவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

போக்குவரத்தையும் சேர்த்து யோசியுங்கள். இலவசப் பயண அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள வழித்தடத்துக்குத்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பையன்களுக்கு அன்றாடப் பஸ் காசு வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதற்கும் சேர்த்து ஒரு தீர்மானம் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு நகல் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

இரணியல் வயக்காடு

பட்டறைகளைப் பற்றிப் பிட்டர் அண்ணாச்சி சொல்லிவிட்டார். நம்ம மாவட்டத்துத் தொழில்கள் பாதியும் பருவத்தைப் பார்த்து நடப்பவை. தேதி தப்பினால் பிள்ளைகள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

மீன்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுத் தடைக்காலம் நம்ம மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் மே மாதத்தில் மீன் ஏலம், ஐஸ் வைப்பு, ஏற்றுமதித் தரம் பிரிப்பு பார்க்க வேண்டும் என்றால் குளச்சலோ முட்டமோ போக வேண்டும். அதே மே மாதத்தில் சின்னமுட்டத்தில் படகுகளைப் பழுது பார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும். டீசல் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. பைபர் பூசும் இடத்தில் மட்டும் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், ரெசின் புகையும் தீயும் ஆபத்து. ஐஸ் பிளான்ட் போனால் அம்மோனியா கம்ப்ரசர் அறைக்குள் விட வேண்டாம்.

ரப்பர் வெட்டு விடியும் முன்னாலேயே தொடங்கிவிடும், வக்கீல் சொன்ன 8 மணிக் கணக்குக்கு அது ஒத்துவராது. ஆனால் பால் எடுத்து வந்து உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைக்கூடத்தில் போடுவது பகலில்தான். பிள்ளைகள் பார்க்க வேண்டியதும் அதுதான், ஏனென்றால் வெட்டை வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். பாலில் எவ்வளவு தண்ணீர் கலக்கிறார்கள், பார்மிக் ஆசிட் ஏன் அளந்து ஊற்றுகிறார்கள், ஷீட்டில் குமிழி விழுந்தால் தரம் எப்படி இறங்குகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். 10-ஆம் வகுப்பு வேதியியல் அங்கே கண்ணெதிரில் நடக்கிறது. ஆசிட் கேனிலிருந்து நாலடி தள்ளி நிற்க வேண்டும்.

தோவாளைப் பூச்சந்தையும் விடியற்காலை. அதை ஆசிரியரோடு ஒரு காலை நேரப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நாள் பயிற்சிக்கு வராது.

நெல் என்றால் திருப்பதிசாரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. டிபிஎஸ் என்று தொடங்கும் நெல் ரகங்கள் வந்தது அங்கிருந்துதான். மே மாதம் கன்னிப்பூ என்னும் முதல் நெல் பருவத்தின் ஆரம்பம். காலாண்டு விடுமுறையில் போனால் கும்பப்பூ என்னும் இரண்டாம் பருவத்தின் நாற்றங்கால், நடவு பார்க்கலாம். மலைப்பயிர் பார்க்க வேண்டுமானால் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். இரண்டுக்கும் நிலையத் தலைவருக்குக் கடிதம் போதும்.

மார்த்தாண்டம் தேன் எடுப்பு ரப்பர் தளிர்விடும் காலத்தை ஒட்டி, ஆண்டின் முதல் சில மாதங்கள். மழை மாதங்களில் போனால் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதைத்தான் பார்க்க முடியும். அதுவும் தெரிய வேண்டிய வேலைதான், ஆனால் தேன் வடிப்பதைக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாற்றமாகிவிடும். தேனீ கொட்டி உடம்பு தடித்து வீங்கிய பழக்கம் உள்ள பிள்ளையை இதற்குச் சேர்க்கவே கூடாது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். உற்பத்தி நடப்பதைப் பார்க்கலாம், பழுதுபார்ப்பைப் பார்க்க முடியாது. கோபுரம் ஏறுவது பிள்ளைகளுக்குக் கிடையவே கிடையாது, கட்டுப்பாட்டு அறையும் துணைமின் நிலையமும் போதும். கன்னியாகுமரி ஓட்டல்களுக்குச் சீசன் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி 20 வரை. அப்போது யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரமிருக்காது.

முந்திரித் தொழிற்சாலை கேட்டால் தரம் பிரித்தல், பொதியல் பகுதி மட்டும். வறுக்கும் இடமும் உடைக்கும் இடமும் வேண்டாம், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும்.

அறிவியல் மன்றம்

விளம்பரம் பற்றி முதலில். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். மருத்துவத்துக்கு நீட். இரண்டிலும் இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ் பிள்ளைக்கு எதையும் கற்றுத் தராது, சேர்க்கையிலும் உதவாது. கட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கே.வி.பி.ஒய், என்.டி.எஸ்.இ என்ற பழைய உதவித்தொகைத் தேர்வுகளின் பெயரில் இன்னும் பயிற்சிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. கே.வி.பி.ஒய் 2022-ல் கைவிடப்பட்டது, என்.டி.எஸ்.இ 2021-க்குப் பிறகு நடத்தப்படவில்லை.

கட்டணமில்லாமல் உண்மையான பயன் தருவது இஸ்ரோவின் யுவிகா. 2019-ல் தொடங்கியது. 9-ஆம் வகுப்பில் படிப்பவர்களுக்கு, மே மாதத்தில் இரண்டு வாரம், இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் படிப்பது. தங்குமிடம், உணவு, பயணச் செலவு எல்லாம் அவர்களுடையது. அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். தேர்வில் 8-ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி எடை. ஆன்லைன் வினாடிவினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் அல்லது என்.சி.சி. ஆகியவற்றுக்கு மீதியில் பங்கு உண்டு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கு மட்டும் 15 சதவீதம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய பலம். உங்கள் பள்ளி அதில் வருமா என்று அறிவிப்பு வந்ததும் விதியைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

இதில் பிள்ளைகள் கோட்டைவிடுவது சான்றிதழ்களில்தான். பதிவு செய்து, மின்னஞ்சலை உறுதிசெய்து, வினாடிவினாவும் எழுதிவிடுவார்கள்; அறிவியல் கண்காட்சிச் சான்றிதழைப் பதிவேற்றும் நேரம் அது வீட்டில் எங்கே என்று தெரியாது. 8-ஆம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வைத்து, பள்ளி அளவுக் கண்காட்சிக்கும் தேதியோடு சான்றிதழ் எழுதிக் கொடுங்கள். பதிவு செய்யும் மின்னஞ்சல் பிரவுசிங் சென்டர்க்காரருடையதாக இருக்கக் கூடாது, தேர்வான தகவல் அதில்தான் வரும்.

பக்கத்தில் பார்க்க வேண்டியது திருவனந்தபுரம் சாலையிலேயே பாப்பனம்கோட்டில் உள்ள, மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வகம், என்.ஐ.ஐ.எஸ்.டி. பள்ளி மாணவர்களை ஆய்வகத்துக்குள் அழைக்கும் 'ஜிக்யாசா' திட்டம் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் 2017 முதல் உண்டு. பள்ளியிலிருந்து கடிதம் போக வேண்டும். ஆய்வகங்கள் வாசலைத் திறக்கும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம், செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன தினம், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். இஸ்ரோ மையம் உள்ள மகேந்திரகிரி நமக்குப் பக்கம் என்பதால் விண்வெளி வாரத்தை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு வளாகம் எதுவானாலும் பெயர்ப்பட்டியலும் அடையாள அட்டை நகலும் முன்கூட்டியே கேட்பார்கள், கடைசி நேரத்தில் ஆள் மாற்ற முடியாது.

ஆசாரிபள்ளம் நர்ஸ்

ஆஸ்பத்திரி கேட்கிற பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு, தாலுகா மருத்துவமனைகளுக்கு நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நோயாளியின் மானம் அங்கே இருக்கிறது. மருந்தகம், மருத்துவப் பதிவேட்டு அறை, பதிவுச் சீட்டு கொடுக்கும் இடம், தடுப்பூசிக் குளிர்பதன அறை, கழிவுகளை நிறம்பிரித்துப் போடும் இடம் (தூரத்திலிருந்து) ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர், நர்ஸ் தவிர லேப் டெக்னீசியன், மருந்தாளுநர், ரேடியோகிராபர், டயாலிசிஸ் டெக்னீசியன், பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. இவற்றில் பலவற்றுக்கு நீட் தேவையில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு போட்டோ ஸ்டேட்டஸில் போனால் அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கும் அனுமதி கிடைக்காது. சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை அன்றைக்கு வரக்கூடாது. வெறும் வயிற்றோடும் வரக்கூடாது, ரத்த வாடையில் மயங்கி விழுவது பெரும்பாலும் சாப்பிடாத பிள்ளைதான்.

தக்கலை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மே முதல் வாரம் என்று முடிவு செய்கிறேன். கடைசியாக ஒன்று. எங்கள் பிள்ளைகள் பெரியவர்களிடம் வாய்திறக்கக் கூச்சப்படுவார்கள். 'நல்லா இருந்துச்சு டீச்சர்' என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தால் ஐந்து நாளும் வீண். என்ன எழுதச் சொல்ல?

கோணம் பிட்டர்

அபிப்பிராயம் கேட்கவே கேட்காதீர்கள் டீச்சர், கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டு. தினமும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி: மணி, யார், என்ன செய்தார், எந்தக் கருவி. இதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை, கூச்சக்காரப் பிள்ளையும் எழுதும். இரண்டாம் நாளிலிருந்து அந்த வரிகளில் புரியாத ஒன்றைக் காட்டி 'இது ஏன் இப்படி?' என்று ஒரு கேள்வி. கையில் நோட்டு இருந்தால் கூச்சம் பாதி போய்விடும்.

கடைசி நாளுக்கு நிரந்தரக் கேள்விகளை அச்சடித்துக் கொடுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே? சேர்ந்த புதிதில் என்ன சம்பளம் கொடுப்பார்கள்? (இப்போது வாங்கும் சம்பளத்தைக் கேட்கக் கூடாது.) உடம்புக்கு எது கஷ்டம், முதுகா, கண்ணா, சத்தமா? இந்த வேலையில் அடிக்கடி எது கெட்டுப்போகும்? உங்களுக்கு மேல் உள்ளவர் என்ன படித்தவர்? இந்தக் கடைசிக் கேள்வியை மூன்று நிலையில் உள்ள மூன்று பேரிடம் கேட்க வேண்டும்: ஹெல்ப்பர், டெக்னீசியன், மேற்பார்வையாளர். அப்போதுதான் ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி மூன்றுக்கும் ஒரே இடத்தில் உள்ள வித்தியாசம் பிள்ளைக்குத் தெரியும்.

நடுவில் ஒருநாள் நீங்கள் போக வேண்டும், மூன்றாம் நாள் நல்லது. சொல்லாமல் போங்கள், நோட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டு நாளும் ஒரே வரி எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையை மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அங்கேயே பொறுப்பாளரிடம் பேசி வேறு ஆளோடு சேர்த்துவிடலாம். பிள்ளைக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தி இருத்த வேண்டாம். ஏன் பிடிக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு, மீதி இரண்டு நாளுக்கு வேறு இடம் பாருங்கள். குரூப் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கு அந்த அரைப் பக்கத்தைப் பெற்றோரும் படிக்கட்டும்.